மோடம், கணினிப் பெட்டிக் கம்பெனிப் பங்குகள் 1994–2000: காலாண்டு அறிக்கையில் எங்கே பார்த்திருக்க வேண்டும்?

#1 ஏரிக்கரை

1990களின் நடுவில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் போனபோது சந்தையில் ஓடிய வாதம் எளிமையானது. எந்த வலைத்தளம் ஜெயிக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் மோடம் (தொலைபேசிக் கம்பி வழியே கணினியை இணைக்கும் கருவி) வேண்டும், ஆகவே மோடம் செய்கிறவன் பங்கை வாங்கு. இதில் முதல் பாதி அப்படியே பலித்தது. பங்கு பற்றிய பாதிதான் பலிக்கவில்லை.

ஹேய்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் ஸ்மார்ட்மோடம் கொண்டுவந்தது அவர்கள். ஏ.டி. என்று தொடங்கும் அவர்களுடைய கட்டளைகளைத்தான் பிறகு வந்த மோடம்கள் எல்லாம் பின்பற்றின. அந்தக் கம்பெனி 1994 நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு மனுப் போட்டது. 1996இல் மீண்டது, 1997இல் ஆக்சஸ் பியாண்டுடன் இணைந்து நாஸ்டாக்கில் வந்தது, 1998 அக்டோபரில் மறுபடி திவால். 1999 தொடக்கத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள். பிராண்டுப் பெயரை ஜூம் டெலிஃபோனிக்ஸ் வாங்கிக்கொண்டது. இத்தனை வருஷமும் இன்டர்நெட் சந்தாதாரர் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருந்தது.

இன்னொரு மோடம் கம்பெனி யு.எஸ். ரோபாட்டிக்ஸ். அதை நெட்வொர்க் கருவிக் கம்பெனியான 3காம் 1997இல் சுமார் 660 கோடி டாலர் மதிப்பில், பங்குக்குப் பங்கு என்ற கணக்கில் வாங்கியது. 2000 மார்ச்சில் அந்த மோடம் தொழிலை விட்டே விலகுவதாக 3காம் அறிவித்தது.

பின்னால் தெரிந்ததை வைத்துப் பேச வேண்டாம். அன்று முதலீட்டாளர் கையில் இருந்த காகிதத்தை மட்டும் வைத்து, எது எப்போது தெரிந்திருக்கும் என்று பார்ப்போம். 10-க்யூ காலாண்டு அறிக்கைகள் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் இலவசமாகவே கிடைத்தன, ஆகவே காகிதம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

#2 செம்புக்கம்பி

முதலில் கம்பியைப் பார்த்துவிடுவோம், கணக்குப் புத்தகம் அப்புறம்.

தொலைபேசி இணைப்பின் பயனுள்ள அகலம் சுமார் 3,100 ஹெர்ட்ஸ். இரைச்சலை விடக் குரல் 35 டெசிபல் உயர்ந்திருந்தால், ஒரு கம்பியில் எவ்வளவு தகவல் போகும் என்று சொல்லும் ஷானன் சூத்திரப்படி மேல் எல்லை ஏறக்குறைய நொடிக்கு 36,000 பிட். மோடம் வேகம் 1991இல் 14.4கே (நொடிக்கு 14,400 பிட்), 1994இல் 28.8கே, 1996இல் 33.6கே. எல்லை எங்கே என்று பொறியாளர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதாவது 1996இல் மோடம் பங்கு வாங்கியவர், அந்தப் பொருளின் வேகம் ஏறக்குறைய முடிந்துபோன இடத்தில் வாங்கினார்.

56கே இதைத் தாண்டியது எப்படி என்றால், இன்டர்நெட் சேவைக் கம்பெனியின் பக்கம் டிஜிட்டல் இணைப்பு இருந்ததால். தொலைபேசி நிலையம் நொடிக்கு 8,000 மாதிரி எடுக்கிறது, மாதிரிக்கு 8 பிட், மொத்தம் 64கே. அதில் நம்பகமாகக் கிடைப்பது 7 பிட், அதுதான் 56கே. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் மின்சக்தி வரம்பால் நடைமுறையில் 53கே வரைதான். வழியில் இன்னொரு முறை அனலாக் மாற்றம் நடந்தால், உதாரணமாக அலுவலக பிபிஎக்ஸ் (உள் தொலைபேசி இணைப்பகம்) குறுக்கே வந்தால், 56கே எடுக்காது. நீளமான கம்பிகளில் குரல் தெளிவுக்காகப் போட்டிருந்த லோடிங் காயில் என்ற சுருளும் இதைக் கெடுக்கும்.

இதற்குப் பிறகு அந்தக் கம்பியில் குரல் அலைவரிசைக்குள் மேலே போக இடம் இல்லை. அடுத்தது டிஎஸ்எல், கேபிள். அது வேறு சிப், வேறு வாடிக்கையாளர். பெட்டியைக் கடையில் வாங்குகிறவர் போய், தொலைபேசிக் கம்பெனியே மொத்தமாக வாங்கி மாதக் கட்டணத்தில் சேர்த்துவிடுகிற முறை வந்தது.

#3 கடைவீதி

செம்புக்கம்பி சொன்னதோடு சிப் விஷயத்தையும் சேர்க்க வேண்டும். ஜூம், போக்கா ரிசர்ச், ஹேய்ஸ் என்று அட்டையில் பெயர் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே இருந்தது பெரும்பாலும் ராக்வெல் சிப்செட். அதே சிப்பை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றால், மிச்சம் இருப்பது பலகை, பிளாஸ்டிக், அட்டைப்பெட்டி, விளம்பரம். இந்தக் கூட்டத்தில் யு.எஸ். ரோபாட்டிக்ஸ் தனித்து நின்றதற்குக் காரணம், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் நிரலேற்றக்கூடிய டிஎஸ்பி (சிக்னல் கணிப்பு) சிப்பில் தன் சொந்த மென்பொருளை ஓட்டியது. அதனால்தான் 1997 பிப்ரவரியில் எக்ஸ்2 என்ற தங்கள் 56கே முறையை அவர்களால் முதலில் இறக்க முடிந்தது.

இன்னொன்று, ரிட்டர்ன். இதை யாரும் பேசுவதில்லை, ஆனால் லாபத்தை அரித்தது இதுதான். பழைய பிசியில் காம் என்பது சீரியல் போர்ட், ஐஆர்க்யூ என்பது அது பிராசஸரைக் கூப்பிடும் தடம். காம்1ம் காம்3ம் ஐஆர்க்யூ 4ஐப் பகிரும், காம்2ம் காம்4ம் ஐஆர்க்யூ 3ஐப் பகிரும். காம்1இல் சீரியல் மவுஸ் இருக்கும். உள்மோடத்தைக் காம்3இல் வைத்துச் சொருகினால், மோடம் டயல் செய்யும்போது மவுஸ் உறைந்துவிடும். ஜம்பரை மாற்றி, பயாஸில் பயன்படாத போர்ட்டை அணைத்தால் சரியாகிவிடும். ஆனால் வாங்கியவர் அதைச் செய்ய மாட்டார், பெட்டியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வெளிமோடத்தில் வேறு வம்பு. பிசியின் சீரியல் போர்ட்டை ஓட்டும் பழைய 8250, 16450 யுஆர்ட் சிப்பில் ஒரே ஒரு பைட் தாங்கல்தான் (பஃபர்). தரவுச் சுருக்கத்தோடு 28.8கே மோடத்தை 57,600இல் ஓட்டினால் விண்டோஸ் அந்த பைட்டை எடுப்பதற்குள் அடுத்தது வந்து மோதும். 16 பைட் தாங்கல் உள்ள 16550ஏ தேவை. அது இல்லாத பிசிக்காரரும் மோடத்தைத்தான் குறை சொல்லித் திருப்பினார்.

மோடத்தில் எந்தப் பழுதும் இல்லை. ஆனாலும் பிரித்த பெட்டியைப் புதிதாக விற்க முடியாது. சோதித்து, மறுபடி அடைத்து, விலை குறைத்துத்தான் தள்ள வேண்டும்.

#4 பேரேடு

கடைவீதி சொன்ன ரிட்டர்ன் எல்லாம் கணக்கில் எங்கே போய் உட்காருகிறது என்று சொல்கிறேன்.

மோடம் கம்பெனி நேராக வீட்டுக்காரருக்கு விற்பதில்லை. இங்கிராம் மைக்ரோ, டெக் டேட்டா, மெரிசெல் மாதிரி மொத்த விநியோகஸ்தருக்கு அனுப்புகிறது. அனுப்பிய அன்றே விற்பனை என்று எழுதிக்கொள்கிறது. அந்தப் பெட்டி கடையில் விற்றதா, கிடங்கில் தூங்குகிறதா என்பது லாப நட்டக் கணக்கில் தெரியாது. காலாண்டு முடிய 3 நாள் இருக்கும்போது கூடுதல் தள்ளுபடியும் நீண்ட தவணையும் கொடுத்து அடுத்த காலாண்டின் சரக்கை இன்றே அனுப்பிவிடலாம்.

இது தெரிகிற இடம் இருப்புநிலைக் குறிப்பில் உள்ள வரவேண்டிய பாக்கி. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் வெறும் உதாரணத்துக்கு.

முதல் காலாண்டு: விற்பனை 100 கோடி, பாக்கி 50 கோடி. 50 ÷ 100 × 90 = 45 நாள்.
அடுத்த காலாண்டு: விற்பனை 120 கோடி, பாக்கி 92 கோடி. 92 ÷ 120 × 90 = 69 நாள்.

செய்தித்தாள் தலைப்பு "விற்பனை 20% உயர்வு" என்று வரும். பழைய 45 நாள் கணக்குப்படி பார்த்தால் 120 கோடி விற்பனைக்குப் பாக்கி 60 கோடிதான் இருக்க வேண்டும். 32 கோடி அதிகம் இருக்கிறது. ஆக, உயர்ந்ததாகச் சொல்லும் 20 கோடியை விடப் பெரிய தொகை இன்னும் பணமாகக் கைக்கு வரவில்லை. இந்த ஒரு கழித்தல் போதும், அறிக்கையின் மற்ற பக்கங்களைச் சந்தேகத்தோடு படிக்க.

அதோடு சரக்கிருப்பையும் இதே மாதிரி போடுங்கள். அங்கே வகுக்க வேண்டியது விற்பனையால் இல்லை, விற்ற சரக்கின் அடக்கவிலையால். பலர் இங்கே தவறுகிறார்கள். விற்பனையால் வகுத்தால் நாள் குறைவாகத் தெரியும்.

#5 தராசு

பேரேடு, பாக்கி நாள் ஏறினாலே தில்லுமுல்லு என்று எடுத்துக்கொள்ள முடியாதே. புது மாடல் காலாண்டின் மூன்றாம் மாதம் வெளியானால் விற்பனை முழுக்கக் கடைசியில்தான் குவியும், பாக்கியும் அப்படியே நிற்கும். வெளிநாட்டு விற்பனை கூடினாலும் தவணை நீளும்.

#6 பேரேடு

சரியான கேள்வி, தராசு. ஒரு காலாண்டை வைத்து முடிவு கட்டக்கூடாது. புது மாடல் காரணம் என்றால் அடுத்த காலாண்டில் நாள் இறங்கிப் பணம் வந்துவிடும், செயல்பாட்டுப் பணவரவில் அது தெரியும். இரண்டாவது காலாண்டிலும் நாள் இறங்காமல், லாபம் ஏறியும் பணவரவு கழித்தலில் போனால், அப்போது கிடங்கில் சரக்கு அடைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மறுபக்கமும் ஒன்று உண்டு: சில கம்பெனிகள் பாக்கியை நிதி நிறுவனத்துக்கு விற்றுவிடும். அப்போது நாள் குறைந்த மாதிரி தெரியும். குறிப்புகளில் "விற்கப்பட்ட பாக்கிகள்" என்று இருந்தால் அந்தத் தொகையைத் திரும்பக் கூட்டிக்கொண்டுதான் வகுக்க வேண்டும்.

#7 ஆலமரம்

பிரைஸ் புரொடெக்‌ஷன் என்றால் என்ன? மோடம் கம்பெனி அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது.

#8 கடைவீதி

கம்பெனி விலையைக் குறைத்தால், விநியோகஸ்தர் கிடங்கில் ஏற்கெனவே இருக்கும் சரக்குக்கும் அந்த வித்தியாசத்தைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தம். 200 டாலர் மோடத்தை 160க்கு இறக்கினால், கிடங்கில் 50,000 பெட்டி இருந்தால் 40 × 50,000 = 20 லட்சம் டாலர் கம்பெனி தலையில். கிடங்கு நிரம்பியிருக்கும்போதுதான் விலையைக் குறைத்தாக வேண்டிய நிலை வரும், அப்போதுதான் இந்தத் தொகையும் பெரிதாக இருக்கும்.

இதோடு ஸ்டாக் ரொட்டேஷன் என்று ஒன்று: விற்காத பழைய மாடலைத் திருப்பிக் கொடுத்துப் புது மாடலாக வாங்கிக்கொள்ளும் உரிமை. இந்த இரண்டும் கையில் இருக்கிற விநியோகஸ்தர் எவ்வளவு சரக்கு அனுப்பினாலும் மறுக்க மாட்டார். அவருக்கு நட்டம் இல்லை.

1997இல் இது முழு வீச்சில் நடந்தது. ஒருபக்கம் எக்ஸ்2, எதிர்ப்பக்கம் ராக்வெல், லூசென்ட் கூட்டின் கே56ஃபிளெக்ஸ். இரண்டும் ஒன்றோடொன்று 56கேயில் பேசாது. உங்கள் சேவைக் கம்பெனி எதை வைத்திருக்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். வி.90 தரத்துக்கு 1998 பிப்ரவரியில்தான் உடன்பாடு வந்தது. அதுவரை வாங்கலாமா, பொறுக்கலாமா என்று ஜனங்கள் நின்றுவிட்டார்கள். கிடங்கில் 33.6கே பெட்டிகள் விலை இறங்கிக்கொண்டே இருந்தன.

#9 பேரேடு

இப்போது எக்ஸ்2வுக்குச் சொந்தக்காரரின் கணக்கைப் பாருங்கள். யு.எஸ். ரோபாட்டிக்ஸின் நிதியாண்டு செப்டம்பரில் முடியும், 3காமின் ஆண்டு மே மாதத்தில். இணைத்துக் கணக்கு எழுதியபோது 1997 மார்ச் கடைசியிலிருந்து மே கடைசி வரை இரண்டு மாதம் எந்த ஆண்டின் லாப நட்டத்திலும் சேராமல் நின்றது. அந்த இரண்டு மாதத்தில் யு.எஸ். ரோபாட்டிக்ஸின் விற்பனை சுமார் 1.5 கோடி டாலர். அதற்கு முந்தைய காலாண்டில் சுமார் 69 கோடி.

மோடம் வாங்குவதை உலகம் இரண்டு மாதம் நிறுத்திவிட்டது என்றால்தான் இந்த எண் இயல்பானது. அப்படி நிறுத்தவில்லை. விநியோகஸ்தர் கிடங்கில் ஏற்கெனவே இருந்ததை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு கம்பெனிகளின் கணக்கையும் அப்படியே ஒன்றாகக் கூட்டி எழுதும், அன்று வழக்கில் இருந்த பூலிங் முறைப்படி, இப்படி விடுபடும் மாதங்களின் முடிவு லாப நட்டக் கணக்கைத் தொடாமல் பங்குதாரர் நிதி அறிக்கையில் ஒரு வரியாக வந்து போகும். யாரும் படிக்காத பக்கம் அது. இணைப்புக்குப் பின் முதல் 10-க்யூவிலேயே இதைத் தேடியிருக்கலாம். பங்குதாரர்கள் தொடுத்த வழக்கை 3காம் 2000இல் 25.9 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.

#10 தராசு

எனக்கு இந்த இழையின் போக்கில் ஒரு மறுப்பு இருக்கிறது. யு.எஸ். ரோபாட்டிக்ஸ் 1991இல் பட்டியலானது. அப்போதிருந்து வைத்திருந்து இணைப்பு அறிவிப்பில் விற்றவருக்கு நல்ல லாபம். மோடம் பங்கே கெட்ட முதலீடு என்பதை நான் ஏற்கவில்லை. பிரச்சினை, ஒரு பங்குக்கு 1.75 வீதம் 3காம் பங்கை வாங்கிக்கொண்டு அதையும் பத்திரமாக வைத்திருந்ததில்தான். இன்டர்நெட் சேவைக் கம்பெனிகளுக்குக் கருவி விற்ற அசெண்டின் கதையும் அதேதான். 1999இல் லூசென்ட் சுமார் 2,000 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது, கொடுத்தது லூசென்ட் பங்கு. 2002இல் லூசென்ட் 1 டாலருக்கும் கீழே. பணமாகக் கொடுக்கிறார்களா, பங்காகக் கொடுக்கிறார்களா என்பதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பங்கு என்றால் அது புதிதாக ஒரு பங்கு வாங்குகிற முடிவு, அதற்குரிய ஆராய்ச்சியோடுதான் வைத்திருக்க வேண்டும்.

#11 செம்புக்கம்பி

அசெண்ட் பெயர் வந்ததால், சேவைக் கம்பெனி பக்கத்து மோடம் வேறு வியாபாரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தராசு சொன்ன லாபத்தில் ஒரு பங்கு அங்கிருந்தும் வந்தது.

தொலைபேசிக் கம்பெனி தரும் ஒரு பிஆர்ஐ டிஜிட்டல் இணைப்பில் ஒரே நேரத்தில் 23 அழைப்பு. அன்றைய பொது வழக்கு 10 சந்தாதாரருக்கு ஒரு போர்ட். 10,000 பேர் என்றால் 1,000 போர்ட், 44 பிஆர்ஐ. அமெரிக்கா ஆன்லைன் 1996 டிசம்பரில் மாதம் 19.95 டாலருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்று மாற்றியது. ஜனங்கள் இணைப்பைத் துண்டிக்கவே இல்லை. எங்கும் எங்கேஜ் டோன், மாநில அரசு வழக்கறிஞர்கள் தலையிட்டார்கள், வலையமைப்பை விரிக்க 35 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. விகிதம் 10இலிருந்து 8க்கு இறங்கினால் அதே 10,000 பேருக்கு 1,250 போர்ட், 55 பிஆர்ஐ. சந்தாதாரர் ஒருவர்கூடக் கூடாமலே கருவித் தேவை கால் பங்கு ஏறிவிடும்.

இதை வாங்குகிறவர்கள் சில நூறு கம்பெனிகள். அசெண்ட் மேக்ஸ், யு.எஸ். ரோபாட்டிக்ஸின் டோட்டல் கன்ட்ரோல், லிவிங்ஸ்டனின் போர்ட்மாஸ்டர். ஒருமுறை நிறுவி, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரோடு இணைத்து, ஊழியர்கள் பழகிவிட்டால் சுலபமாக மாற்ற மாட்டார்கள். வீட்டு மோடத்தில் அந்தப் பிடிப்பு கிடையாது. ஆகவே ஒரு கம்பெனி இரண்டையும் விற்றால், அறிக்கையில் இரண்டின் விற்பனையைப் பிரித்துக் காட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

#12 ஆலமரம்

அதே காலத்து ஐஒமேகா பங்கு பற்றி? ஜிப் டிரைவ் அவ்வளவு விற்றதே.

#13 கடைவீதி

விற்றது உண்மை. கழற்றி மாற்றக்கூடிய டிஸ்கில் எழுதும் டிரைவ் அது. 1995இல் வந்தது, டிஸ்குக்கு 100 எம்பி, டிரைவ் விலை சுமார் 200 டாலர். பிளாப்பி 1.44 எம்பி இருந்த இடத்தில் இது பெரிய விஷயம். டிரைவில் குறைந்த லாபம், டிஸ்கில் கொழுத்த லாபம் என்பது திட்டம். அதனால் பார்க்க வேண்டிய எண், ஒரு டிரைவுக்கு எத்தனை டிஸ்க் விற்கிறது என்பது.

மோட்லி ஃபூல் என்ற முதலீட்டாளர் மன்றத்தின் உறுப்பினர்கள் யூட்டா மாநிலம் ராய் ஊரிலிருந்த ஆலைக்கே போய், வார இறுதியிலும் கார் நிறுத்தம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து எழுதினார்கள். உழைப்பு உழைப்புதான், மதிக்கிறேன். ஆனால் ஆலை ஓடுவது கம்பெனி எவ்வளவு அனுப்புகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. கடையில் எவ்வளவு நகர்கிறது என்பதற்குக் கடை அலமாரியைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்: எந்த மாதம் தயாரான பெட்டி இருக்கிறது, தள்ளுபடிக் கூப்பன் புதிதாக வந்திருக்கிறதா, டிஸ்க் பத்து பத்தாகப் போகிறதா ஒன்று இரண்டாகவா. 1996 மேயில் உச்சிக்குப் போன பங்கு அதன் பிறகு இறங்கியது. பின்னால் எழுதக்கூடிய சிடி மலிவானதும் டிஸ்க் லாபமும் போயிற்று.

#14 பேரேடு

பெட்டி செய்தும் ஜெயித்த டெல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1999 ஜனவரியில் முடிந்த ஆண்டில் அவர்களுடைய பாக்கி 36 நாள், சரக்கு 6 நாள், சப்ளையருக்குக் கொடுக்க எடுத்துக்கொண்டது 54 நாள். 36 + 6 − 54 = −12. வாடிக்கையாளர் பணம் வந்து 12 நாள் கழித்துத்தான் உதிரிபாகத்துக்குப் பணம் போகிறது. விநியோகஸ்தர் இல்லாததால் பிரைஸ் புரொடெக்‌ஷன் இல்லை, ஸ்டாக் ரொட்டேஷன் இல்லை. மெமரி விலை 1996இல் சரிந்தபோது 6, 7 வாரச் சரக்கை வைத்திருந்தவருக்கு அது நட்டம். ஒரு வாரச் சரக்கோடு ஓடுகிறவருக்கு அது லாபம்.

#15 ஏரிக்கரை

பாம் விவகாரத்தையும் யாராவது எழுதுங்கள். யு.எஸ். ரோபாட்டிக்ஸ் 1995இல் 4.4 கோடி டாலருக்கு வாங்கிய, கையடக்கக் கணினி செய்யும் சின்னக் கம்பெனி அது, இணைப்போடு 3காமுக்கு வந்தது.

#16 தராசு

2000 மார்ச் 2. பாமின் சுமார் 5% பங்கை 38 டாலருக்கு 3காம் வெளியிட்டது. அன்றைய முடிவு விலை 95.06. மீதி 95% 3காமிடமே இருந்தது. ஒவ்வொரு 3காம் பங்குக்கும் ஏறக்குறைய 1.5 பாம் பங்கு பிறகு கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். 1.5 × 95.06 = 142.59. அன்று 3காம் முடிந்தது 81.81இல். அதாவது 3காமின் மற்ற எல்லாத் தொழிலுக்கும், கையில் இருந்த ரொக்கத்துக்கும் சேர்த்துச் சந்தை கொடுத்த மதிப்பு பங்குக்குச் சுமார் மைனஸ் 61 டாலர்.

3காமை வாங்கி பாமை ஷார்ட் அடித்தால் (கடன் வாங்கிய பங்கை விற்று, பிறகு மலிவாக வாங்கித் திருப்பினால்) போதுமே என்று தோன்றும். ஷார்ட் அடிக்கக் கடன் வாங்கப் பாம் பங்கு வேண்டும். வெளியில் இருந்ததோ 5% மட்டும். கடன் கிடைத்தவரும் பெரிய கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தவர் திரும்பக் கேட்டால் நட்டத்தில் மூட வேண்டியதுதான். பாம் பங்குகளை ஜூலை கடைசியில்தான் பிரித்துக் கொடுத்தார்கள். அதுவரை தாக்குப்பிடிக்கக் கூடிய பணமும் கடன் பங்கும் இருந்தவருக்கு மட்டுமே அது வியாபாரம். பாமை மட்டும் 95க்கு வாங்கியவர்களுக்கு மலிவான வழி 3காம் உருவில் அதே சந்தையிலேயே இருந்தது.

#17 ஆலமரம்

இப்போது ஒரு நெட்வொர்க் கருவிக் கம்பெனியின் அறிக்கையைத் திறந்தால் எந்த வரிசையில் படிப்பது?

#18 பேரேடு

லாப நட்டக் கணக்கைக் கடைசியில் வையுங்கள்.

வருவாய் அங்கீகாரக் குறிப்பில் தொடங்குங்கள். விநியோகஸ்தருக்கு அனுப்பியதும் விற்பனையா, அவர் விற்ற பிறகா? இன்டெல் அந்தக் காலத்தில் விநியோகஸ்தருக்குப் போன சரக்கின் லாபத்தைத் தனி வரியில் ஒத்திவைத்துக் காட்டியது. அப்படி ஒரு வரி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அடுத்து ஆண்டறிக்கையின் கடைசியில் வரும் ஒதுக்கீட்டு அட்டவணை: ரிட்டர்னுக்கும் விலைக் குறைப்புக்கும் ஆண்டுத் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, கடைசியில் எவ்வளவு மிச்சம். விற்பனை ஏறும்போது மிச்சம் இறங்கினால், ஒதுக்கீட்டைக் குறைத்து லாபம் காட்டியிருக்கலாம். அதன் பிறகு பாக்கி நாள், சரக்கு நாள், குறைந்தது 8 காலாண்டுக்கு ஒரே தாளில். சரக்கை மூலப்பொருள், பாதி முடிந்தது, முடிந்த பெட்டி என்று பிரித்திருந்தால் முடிந்த பெட்டியைத் தனியாகப் பாருங்கள். அதுதான் முதலில் தேங்கும்.

கடைசியாக, வாங்கிக்கொள்வதாகச் சப்ளையருக்குக் கொடுத்த உறுதி. சிஸ்கோ 2001இல் சுமார் 225 கோடி டாலர் சரக்கை எழுதித் தள்ளியது. உதிரிபாகத் தட்டுப்பாடு நேரத்தில் வாடிக்கையாளர்கள் ஒரே தேவைக்கு இரண்டு மூன்று இடத்தில் ஆர்டர் போட்டிருந்தார்கள். அதை உண்மைத் தேவை என்று நம்பி சிஸ்கோ பாகங்களுக்கு முன்கூட்டியே உறுதி கொடுத்திருந்தது. ஆர்டர் மறைந்ததும் பாகம் மட்டும் மிஞ்சியது. இந்த உறுதித் தொகை சரக்கிருப்பு வரியில் வராது, பின்குறிப்பில் ஒரு பத்தியில் இருக்கும். சரக்கு நாள் போடும்போது அதையும் கூட்டி இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.